மூலிபாக் கலங்கிய ஏப்ரல்

"லௌவிமாட் என்ற பெயருக்கு என்ன பொருள், ஃப்ராவ் சூசைதாசன்?"

கேட்டவர் ஃப்ராவ் ஓம்லின். கிராமத்தில் பாண் சுட்டு விற்கும் கடை நடத்துபவர். லௌவிமாட்டின் குடியுரிமைக் குழுவுக்கு அவர்தான் தலைவி. நீள மேசையின் அந்தப் பக்கத்தில் அவரோடு நான்கு பேர் இருந்தார்கள். இந்தப் பக்கத்தில், ஃப்ராவ் சூசைதாசன் என்று அவர்கள் அழைக்கும் செசீலியா தனியாக இருந்தார். அன்று மதியம் அந்த மேசையைத் துடைத்ததும் அவர்தான். பள்ளிக்கூடமும் கிராம நிர்வாக அலுவலகமும் ஒரே கட்டடம். இருபத்திரண்டு வருடங்களாக அதைச் சுத்தம் செய்வது அவருடைய வேலை.

நாட்டின் ஏழு அமைச்சர்கள், இருபத்தாறு மாநிலங்கள், வாக்கெடுப்பு முறை, காப்புறுதிச் சட்டம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். ஊரின் பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து போனவர், அந்தப் பெயருக்கு ஒரு பொருள் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

"தெரியாது" என்றார்.

எல்லையைச் சுற்றியுள்ள ஐந்து கிராமங்களைக் கேட்டார்கள். மூன்றைச் சொன்னார். ஊரின் நடுவே ஓடும் சிற்றாறான மூலிபாக் எங்கே தொடங்குகிறது என்று கேட்டார்கள். "மேலே, மலையில்" என்றார். குழுவில் இருந்த அலோயிஸ் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் குனிந்து ஏதோ எழுதினார். 1837ஆம் ஆண்டு இந்த ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அதற்கும் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஃப்ராவ் ஓம்லின் எழுந்து கை கொடுத்தார். அந்தக் கை சூடாக இருந்தது. தன் கை சில்லிட்டிருந்ததை அப்போதுதான் செசீலியா உணர்ந்தார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ஊரின் புவியியலும் வரலாறும் போதிய அளவு தெரியவில்லை. ஒரு வருடத்துக்குப் பின்னர் மீண்டும் அழைப்போம். அது 2023 மார்ச்.

செசீலியா மன்னார்க் கரையில் வங்காலையில் பிறந்தவர். இருபத்துநான்கு வயதில், 1997இல், தனக்கு ஏழு வருடம் முன்பே இந்த நாட்டுக்கு அகதியாக வந்திருந்த எமிலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அரசாங்கம் எமிலுக்குக் காட்டிய இடம் லௌவிமாட். கைவிடப்பட்ட பழைய விடுதி ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓர் அறை. பிறகு கீழ் ஊரில் ஒரு வாடகை வீடு. எமில் லுசேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். பஸ்ஸும் ரயிலுமாக ஒரு வழிக்கு ஒன்றேகால் மணித்தியாலம். மகள் எலேனா இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பதினேழு வயதில் தானாகவே விண்ணப்பித்துக் குடியுரிமை எடுத்துவிட்டாள். இப்போது ஃப்ரிபூர்க்கில் மருத்துவத் தாதியாக இருக்கிறாள். எமிலும் செசீலியாவும் நிரந்தர வதிவிட அனுமதியோடு இருந்தார்கள். அது போதும் என்று இருந்தார்கள்.

போதாது என்று தெரிந்தது 2021இல். லண்டனில் இருந்த செசீலியாவின் அக்கா திடீரென்று இறந்துபோனார். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். விசா கையில் கிடைத்தபோது அக்காவை அடக்கம் செய்து பதினொரு நாள் ஆகியிருந்தது. எலேனா தன் சிவப்புப் பாஸ்போர்ட்டோடு அடுத்த விமானத்திலேயே போய், தாய்க்கும் சேர்த்துப் பூப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த கிழமை செசீலியா விண்ணப்பப் படிவம் வாங்கினார். எமில் தனக்கு வேண்டாம் என்றார்.

"எனக்கு அறுபது வரப் போகுது. இனிப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவையளுக்கு முன்னாலை இருந்து பதில் சொல்லேலாது. லுசேர்ணுக்குப் போவமெண்டு எத்தனை வருசமாச் சொல்லுறன்."

"லுசேர்ணுக்குப் போனா இஞ்சை இருந்த வருசம் எல்லாம் கணக்கில்லை. அங்கை திருப்பித் தொடங்க வேணும். பேப்பர் வரட்டும், போவம்."

அந்தப் பேப்பருக்காகத்தான் இப்போது இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சமையல் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து ஊரை வரைந்து பார்த்தார் செசீலியா. வீடு, பள்ளிக்கூடம், பஸ் தரிப்பு, ஃப்ராவ் ஓம்லினின் கடை, தேவாலயம். ஐந்து இடங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கோடு. தாளின் மற்றப் பகுதி முழுவதும் வெறுமையாக இருந்தது. இருபத்தாறு வருடம் இருந்த ஊர். வேலை நாளில் அந்தக் கோட்டில் போவது, வருவது. ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்கு லுசேர்ண். எலேனாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னார்.

"அவையள் கேட்டது நியாயமான கேள்வி, பிள்ளை. எனக்குத்தான் வெக்கமாக் கிடக்கு."

அலுவலகத்தின் செயலாளர் ஹெர் இம்ஃபெல்ட். நாற்பது வயது, மெலிந்த மனிதர். அவருடைய அலுமாரியில் பச்சைத் துணி அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம் இருந்தது. 1954இல் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் எழுதிய ஊர்ச் சரித்திரம். கிழமைக்கு ஒரு தடவை அதன் முதுகைத் தூசி தட்டியிருக்கிறார் செசீலியா. இப்போது அதை இரவல் கேட்டார். ஹெர் இம்ஃபெல்ட் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது ஒன்றுதான் இருக்கிறது, கவனம்" என்று கொடுத்தார்.

ஒவ்வொரு சொல்லாக அகராதியில் பார்த்து, மாலை நேரங்களில் படித்தார். லௌவி என்றால் மலைச்சரிவு, மண்ணோ பனியோ இடிந்து விழுவது. மாட் என்றால் புல்வெளி. சரிவு விழுந்த புல்வெளி என்பதுதான் ஊரின் பெயர். முதலில் ஏழு குடும்பங்கள் இருந்தன. மூலிபாக்கின் ஓட்டத்தில் நான்கு மாவாலைகள் சுழன்றன. மூலி என்று சொல்வது அந்த ஆலைகளைத்தான். ஊருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பாறைச்சுவருக்குக் கிரௌஃப்ளூ என்று பெயர். சாம்பல் பாறை. 1837 செப்டெம்பரில் அந்தப் பாறையின் ஒரு தோள் கழன்று வந்து பழைய ஊரை மூடியது. அறுபத்துமூன்று பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்களில் நாற்பது பேர் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள். மற்றவர்கள் சற்று மேலே, மேட்டில், புதிதாக வீடு கட்டினார்கள். பள்ளிக்கூடமும் தேவாலயமும் இருக்கும் மேல் ஊர் அதுதான். இரண்டு தலைமுறை கழித்துப் பயம் தெளிந்தவர்கள் பழைய இடத்திலேயே மறுபடி கட்டினார்கள். அதுதான் கீழ் ஊர்.

செசீலியாவின் வீடு கீழ் ஊரில் இருந்தது.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில், 1911இல் வெளிநாட்டு விருந்தாளிகளுக்காகக் கட்டிய விடுதியின் படம் ஒன்று இருந்தது. இரண்டாம் மாடியில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சாளரம். அந்தச் சாளரத்துக்குப் பின்னால்தான் அவர் இந்த நாட்டில் முதல் இரவு படுத்தார். விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமைகளில் நடக்கத் தொடங்கினார். எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். மூலிபாக் தொடங்கும் இடத்தைப் பார்த்தார். கிரௌஃப்ளூவின் அடியில் மூன்று ஊற்றுகள் பாறைக்குள்ளிருந்து வந்து ஒன்றாகச் சேர்ந்தன. நவம்பர் 14ஆம் திகதி கீழ் ஊருக்குள் வெயில் விழுவது நின்று, ஜனவரி 29ஆம் திகதிதான் திரும்பி வருகிறது என்று புத்தகம் சொல்லியது. அந்த இருட்டை அவர் இருபத்தாறு தடவை அனுபவித்திருக்கிறார். அதற்குத் திகதி உண்டு என்று தெரிந்திருக்கவில்லை.

படிப்பு ஏறியது. பயமும் கூடவே ஏறியது. குழு அயலவர்களிடமும் விசாரிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி காயப்போடுவதை நிறுத்தினார். போத்தல்களைக் குப்பை நிலையத்துக்குக் கொண்டுபோனால் பச்சை, மண்ணிறம், வெள்ளை என்று பிரித்ததை இரண்டு தடவை சரிபார்த்தார். கறிக்குத் தாளிக்கும்போது சாளரங்களை அடைத்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பருவச் சீட்டு பையில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தார். அலோயிஸைத் தெருவில் கண்டால் வணக்கம் சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டதோ, தாழ்ந்துவிட்டதோ என்று வீடு வரை யோசித்துக்கொண்டு வந்தார்.

இரண்டாவது நேர்முகத்துக்கு 2024 மே 23ஆம் திகதி என்று கடிதம் வந்தது.

ஏப்ரல் கடைசிக் கிழமை, காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னர், வேலைக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்றார். மூலிபாக் மண்ணிறமாக ஓடியது. வசந்தத்தில் அது புதிதில்லை. பகல் வெயிலில் பனி உருகும்போது பின்னேரங்களில் ஆறு கலங்கும், இரவுக் குளிரில் உருகல் நின்று காலையில் தெளியும். ஆனால் அன்று காலை பாலத்தின் கைப்பிடியில் உறைபனி இருந்தது. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அன்று வேலை முடிந்ததும் பச்சைப் புத்தகத்தை எடுத்துத் தேடினார். 1837இல் இருந்த பங்குக்குருவின் குறிப்பு ஒன்றை ஆசிரியர் அதில் சேர்த்திருந்தார். "ஆறு நாட்களாக ஆற்றுத் தண்ணீர் காலையிலும் தெளியவில்லை. ஏழாம் நாள் தண்ணீர் நின்றுபோனது. சிறுவர்கள் கையாலேயே மீன் பிடித்து மகிழ்ந்தார்கள்." எட்டாம் நாளைப் பற்றிக் குரு ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

மூன்றாம் நாள் ஹெர் இம்ஃபெல்டிடம் போய்ச் சொன்னார்.

"பனி உருகுகிறது, ஃப்ராவ் சூசைதாசன்" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏப்ரல்தானே."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் செசீலியாவுக்கு முகம் எரிந்தது. இன்னும் நான்கு கிழமையில் இவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் எமிலிடம் சொன்னார்.

"நீர் பேசாமல் இரும்" என்றார் எமில். "இன்ரவியூ முடியட்டும். இல்லாட்டி, புத்தகத்தைப் படிச்சுப் பைத்தியம் பிடிச்சுட்டுதெண்டு எழுதப் போகினம்."

"மலை விழுந்தா?"

"அவையளின்ரை மலை. அவையளுக்குத் தெரியாதே?"

அடுத்த நாள் காலை செசீலியா பாலத்தடியில் இறங்கி, ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்தார். திகதியும் நேரமும் எழுதி ஒட்டினார். வாளிகள் வைக்கும் அறையில் அதை வைத்தார். அடுத்த நாளும் பிடித்தார். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு போத்தலின் அடியிலும் மண் படிந்தது. ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிட ஒரு விரல் கூட. மே 2ஆம் திகதி தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. போத்தலை நிரப்ப நடு ஆறு வரை கல்லில் கால் வைத்துப் போக வேண்டியிருந்தது. வெயில் நன்றாக எறித்த கிழமை அது. ஆறு பெருகியிருக்க வேண்டும்.

அன்று காலை அந்த நான்கு போத்தல்களையும் ஹெர் இம்ஃபெல்டின் சாளர விளிம்பில் வரிசையாக வைத்தார். பக்கத்தில் பச்சைப் புத்தகத்தைக் குருவின் குறிப்பு உள்ள பக்கத்தில் திறந்து வைத்தார். பிறகு கூட்டுமாறை எடுத்துக்கொண்டு வகுப்பறைகளுக்குப் போய்விட்டார்.

எட்டரை மணிக்கு ஹெர் இம்ஃபெல்ட் அவரைத் தேடி இரண்டாம் வகுப்பின் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் இருந்தது.

"இது எல்லாம் காலையில் எடுத்ததா?"

"ஏழு மணிக்கு முன்னர். எல்லாமே."

"இன்றைக்குத் தண்ணீர் குறைந்திருக்கிறதா?"

"பாதி."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. நடைபாதையில் நின்றபடியே மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

பின்னேரமே ஹெலிகொப்டர் வந்தது. மாநிலத்திலிருந்து வந்த நிலவியல் நிபுணர், ஒரு இளம் பெண், கிரௌஃப்ளூவில் லேசர் கதிரைத் திருப்பும் கண்ணாடிகள் பொருத்தி அதன் நகர்வை அளந்தார். பாறையின் தோள் நாளொன்றுக்கு நான்கு சென்ரிமீற்றர் நகர்ந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் அது பதினொன்றானது. மே 6ஆம் திகதி நண்பகல் அறிவித்தல் வந்தது: கீழ் ஊரில் இருக்கும் நூற்றுப் பதினெட்டுப் பேரும் மாலை ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும்.

எமில் லுசேர்ணில் வேலையில் இருந்தார். செசீலியா தனியாக இரண்டு பெட்டிகளை அடுக்கினார். ஆவணங்கள் இருந்த கோப்பை முதலில் எடுத்தார். பிறகு மாதா சுரூபம், எமிலின் மருந்துகள், எலேனா தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்தபோது பிடித்த படம். சமையலறைக்குத் திரும்பிப் போய், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். பஸ்ஸில் ஏறிய பிறகு, திரும்பி வருவோமா என்று தெரியாத வீட்டின் அடுப்பைப் பற்றி ஏன் பதறினேன் என்று நினைத்தார். ஊராருக்குத் தப்பி ஓடும் அனுபவம் புதிது. அவருக்குப் புதிதில்லை. பதினேழு வயதில் வங்காலையிலிருந்து ஓடியபோது படகில் இருந்தது போலவே, இப்போதும் எல்லோரும் தங்கள் பைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேசாமல் இருந்தார்கள்.

ஒரு கிழமையில் மேல் ஊரையும் வெளியேற்றினார்கள். எல்லோரும் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் இருக்கும் ஹின்டர்போடன் கிராமத்தில், உடற்பயிற்சி மண்டபத்திலும் அதற்குக் கீழே இருந்த பாதுகாப்புச் சுரங்கத்திலும் தங்கினார்கள். அடுக்குக் கட்டில்கள். செசீலியாவின் கட்டிலுக்கு மேல் கட்டிலில் ஃப்ராவ் ஓம்லின் படுத்தார். நேர்முகம் காலவரையறை இன்றித் தள்ளிவைக்கப்பட்டது.

எமில் அந்தச் சுரங்கத்தில் இரண்டு நாள்தான் படுத்தார். அவரோடு சமையலறையில் வேலை செய்யும் நித்தியானந்தன், லுசேர்ணில் தன் வீட்டில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார்.

"இருப்பிடத்தை லுசேர்ணிலை பதிஞ்சுகொண்டு அங்கையே போவம், செசீலி. கடவுளே வழி காட்டியிருக்கிறார்."

செசீலியா மறுநாள் ஹெர் இம்ஃபெல்டிடம் கேட்டார். அவர் மண்டபத்தின் மூலையில் ஒரு சிறிய மேசையில் அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இங்கே தங்கும் வரை நீங்கள் லௌவிமாட் வாசிதான்" என்றார். "லுசேர்ணில் பதிந்தால் உங்கள் விண்ணப்பம் எங்கள் கையில் இருக்காது. குழு உங்களை இன்னும் பரிசீலித்து முடிக்கவில்லை. அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும்."

"எங்கள் வீட்டுக்குத் திரும்ப முடியாவிட்டால்?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "அப்போது இந்தக் கிராமத்தின் எல்லைக்குள் வேறு வீடு வேண்டும். இருக்குமா என்று எனக்குத் தெரியாது. கிராமமே இருக்குமா என்றும் தெரியாது."

போத்தல்களை வைத்த அன்று இந்தச் சட்டம் தெரிந்திருந்தால் வைத்திருப்பேனா என்று செசீலியா அந்த நாட்களில் பலமுறை தன்னையே கேட்டார். வைத்திருப்பேன் என்றுதான் சொல்ல விரும்பினார். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எமில் லுசேர்ணுக்குப் போனார். செசீலியா அடுக்குக் கட்டிலில் இருந்தார். திருமணமாகி இருபத்தேழு வருடத்தில் அவர்கள் பிரிந்து இருந்தது அதுதான் முதல் தடவை.

ஜூன் 11ஆம் திகதி காலை ஒன்பதே முக்காலுக்குக் கிரௌஃப்ளூ விழுந்தது. ஹின்டர்போடன் பள்ளிக்கூடத்தில் லௌவிமாட் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய அறையில் செசீலியா சாளரம் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் கண்ணாடி கைக்கடியில் அதிர்ந்தது. பிறகுதான் சத்தம். கனமான லொறிகள் பல ஒரே நேரத்தில் கல் கொட்டுவது போல, நிற்காமல். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் சாம்பல் நிறத் தூசி எழும்பிப் பரவி, ஊரையே மறைத்தது. வகுப்பில் ஒரு பெண் பிள்ளை மேசைக்கடியில் போய் இருந்தாள். செசீலியா முழங்காலில் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். செபம் சொல்ல நினைத்தார். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எமில்.

"எங்கை நிக்கிறீர்?"

"இஞ்சைதான். ஹின்டர்போடனிலை."

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை, அங்கை. எல்லாரும் இஞ்சை நிக்கினம்."

மறுமுனையில் எமில் அழுதார். சமையலறையில் பாத்திரங்கள் மோதும் சத்தம் பின்னால் கேட்டது.

தூசி அடங்கப் பின்னேரமாயிற்று. நான்கு வீடுகளும், மரம் அரியும் ஆலையும், பதினொரு மாட்டுக்கொட்டில்களும் மண்ணுக்குள் போயிருந்தன. செசீலியாவின் வீடு நின்றது. கீழ்த்தளத்தில் இடுப்பளவு சேறு. மாடுகளை முன்பே இறக்கியிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

ஃப்ராவ் ஓம்லின் எல்லோருக்கும் முன்னால் செசீலியாவைக் கட்டிப்பிடித்தார். ஆனால் ஜூலையில் மாநிலம் புதிய வரைபடத்தை வெளியிட்டபோது ஊரின் முகம் மாறியது. கீழ் ஊர் முழுவதற்கும் சிவப்பு அடித்திருந்தார்கள். மலையில் இன்னும் கழன்ற பாறை இருக்கிறது. அங்கே இனி யாரும் குடியிருக்க முடியாது. கீறல்கூட விழாத வீடுகளும் சிவப்புக்குள் வந்தன. அலோயிஸின் வீடு அப்படிப்பட்டது. நானூறு வருடமாக அந்த நிலம் அவருடைய குடும்பத்தின் கையில் இருந்தது.

ஹின்டர்போடன் பஸ் தரிப்பில் இரண்டு பேர் பேசியது செசீலியாவின் காதில் விழுந்தது. "அந்தப் போத்தல்கள் இல்லாவிட்டால் இந்த வரைபடமும் வந்திருக்காது." சொன்னவர் திரும்பி அவரைக் கண்டதும், தலையசைத்து வணக்கம் சொன்னார். செசீலியாவும் சொன்னார்.

"மலை விழுந்ததுக்கு நானோ காரணம்?" என்று எலேனாவிடம் கேட்டார்.

"இல்லை, அம்மா. ஆனா அவையளுக்குக் கோவிக்க ஆரும் வேணும். மலையோடை கோவிக்கேலாதுதானே."

ஓகஸ்டில் மேல் ஊருக்கு மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். அங்கே காலியாக ஒரேயொரு இடம் இருந்தது. தேவாலயத்தின் களஞ்சிய அறைக்கு மேலே இரண்டு சிறிய அறைகள். முன்னர் கோவில் பணியாளர் இருந்த இடம். செசீலியா அதை எடுத்தார். எமில் வந்து, தாழ்வான கூரையில் தலை இடிக்காமல் குனிந்து நின்று பார்த்தார். சாளரத்தால் நேராகத் தெரிந்தது கிரௌஃப்ளூவின் புதிய வெண்ணிறக் காயம்.

"இதையோ ஒவ்வொரு நாளும் பாக்கப் போறீர்?"

"செப்ரெம்பரிலை இன்ரவியூ. அது மட்டும் பொறுங்கோ."

"பிறகு?"

"பிறகு பாப்பம்."

எமில் வேலை நாட்களில் லுசேர்ணிலும், விடுமுறை நாட்களில் இங்கேயும் இருப்பது என்று முடிவாயிற்று. மழை பெய்த நாட்களில் செசீலியா உடுப்போடு படுத்தார். சப்பாத்து கதவடியில் இருந்தது. மலையின் நகர்வைத் தினமும் எல்லோருடைய தொலைபேசிக்கும் அனுப்பினார்கள். பூச்சியம் என்று வந்த நாட்களில்கூட, இலக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

நேர்முகம் அதே மேசையில் நடந்தது. அதே ஐந்து பேர். எல்லைக் கிராமங்களைக் கேட்டார்கள். ஐந்தையும் வலஞ்சுழியாகச் சொன்னார். மூலிபாக் பற்றிக் கேட்டபோது, ஊற்றுகள் மூன்றில் இரண்டு இப்போது மண்ணுக்குள் போய்விட்டன என்றார். அலோயிஸ் ஒரு கேள்விதான் கேட்டார்.

"குடியுரிமை கிடைத்த பிறகு எங்கே இருப்பீர்கள்?"

படித்துக்கொண்டு வந்த எந்தப் பதிலும் அதற்குப் பொருந்தவில்லை. "என் கணவருக்கு லுசேர்ணில் வேலை. அவருக்கு அங்கே போக விருப்பம்" என்றார். "நான் இன்னும் முடிவு செய்யவில்லை." வெளியே வந்ததும், ஏன் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

குழு பரிந்துரைத்தது. ஆனால் கடைசி முடிவு ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித்தான். நவம்பர் மாதத்து ஒரு மாலையில், பள்ளிக்கூட மண்டபத்தில் எண்பது பேர் கூடினார்கள். விண்ணப்பதாரர் வாக்கெடுப்பின்போது உள்ளே இருக்கக் கூடாது. செசீலியா நடைபாதையில், பிள்ளைகளின் மேலங்கிக் கொக்கிகளுக்குக் கீழே, அவர்களுடைய சிறிய வாங்குப் பலகையில் இருந்தார். கதவுக்கு உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம். பிறகு நீண்ட அமைதி. ஒரு கையைத் தூக்க இவ்வளவு நேரமா என்று நினைத்தார். உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

ஹெர் இம்ஃபெல்ட் கதவைத் திறந்தார். "எழுபத்தொன்று ஆதரவு. ஒன்பது எதிர்ப்பு."

உள்ளே போனபோது கை தட்டினார்கள். செசீலியா நன்றி சொன்னார். அந்த ஒன்பது பேர் யார் என்று முகங்களில் தேடாமல் இருக்க முயன்றார், முடியவில்லை. அந்த எண்பது பேரும் நடக்கும் தரையைத்தான் அவர் நாளைக்கும் துடைக்க வேண்டும். மாநிலமும் மத்திய அரசும் இன்னும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அது சடங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். கோப்பு லௌவிமாட்டின் கையைவிட்டுப் போயிருந்தது. இனி எங்கே குடிபோனாலும் அது கலையாது. அதைக் கேட்டும் அவரால் உடனே பெட்டி அடுக்க முடியவில்லை.

ஒரு கிழமை கழித்து, பின்னேரம், பிள்ளைகள் போன பிறகு அலோயிஸ் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் எடுத்தார்.

"அந்த ஒன்பதில் நானும் ஒருவன்" என்றார். "தெரிந்திருக்கட்டும். போத்தல்களுக்காக இல்லை. பேப்பர் கிடைத்ததும் நீங்கள் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். போகிறவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று."

செசீலியா நிதானமாகவே சொன்னார். "நானும் அப்படி நினைத்ததுண்டு."

"இப்போது?"

"தெரியாது. எமிலுக்கு ஓய்வூதிய வயது வர இன்னும் நாலு வருடம். அவரையும் தனியே விட முடியாது. மழை பெய்தால் எனக்கு நித்திரை இல்லை. ஆனால் காலையில் எழும்பினால் இந்த வேலைக்குத்தான் வருகிறேன்."

அலோயிஸ் தலையசைத்தார். மண்டபத்துக்கு அப்பால், சிவப்புக்குள் இருந்த தன் வீட்டின் பக்கம் பார்த்தார். "நேற்று நான் ஹின்டர்போடனில் பதிந்துவிட்டேன்" என்றார். "மனைவிக்கு இங்கே இருக்கப் பயம். மாடுகளும் அங்கேதான்."

அலோயிஸ் தொண்டையைச் செருமினார். புதிய வீடு சின்னது, அப்பாவின் அலுமாரி ஒன்றும் சில பெட்டிகளும் அங்கே கொள்ளாது; சிவப்பு வலயத்தில் விடவும் அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்தின் கீழறையில் கொஞ்ச நாள் வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன் என்றார்.

"ஹெர் இம்ஃபெல்டிடம் கேட்க வேண்டும்" என்றார் செசீலியா. பிறகு பள்ளிக்கூடச் சாவிகள் தொங்கிய திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து எடுத்தார். "அவர் மேலேதான் இருக்கிறார். நீங்கள் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்குள் நான் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைக்கிறேன்."

வெளியே வண்டியில் அலுமாரி ஏற்கனவே கயிற்றால் கட்டப்பட்டு நின்றது. கீழறையின் விளக்கைப் போட்டு, பழைய வாங்குகளைச் சுவரோரம் தள்ளி, அலுமாரி நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று கையால் அளந்து பார்த்தார் செசீலியா.